காய்வது வேறு, ஆறுவது வேறு

பொள்ளாச்சிப் பக்கம் எந்தத் தென்னந்தோப்புக்குள் போனாலும், பழைய மரங்களில் ஏறுவதற்காக வெட்டிய படிகளைப் பார்க்கலாம். வெட்டி எத்தனை வருசம் ஆகியிருந்தாலும் வெட்டுவாய் வெட்டினபடியே திறந்து கிடக்கும். அதே தோப்பின் வரப்பில் நிற்கும் வேம்பில், அதே வருசம் ஒரு கிளையை அறுத்திருந்தால் இன்றைக்கு அந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றிலும் உதடு மாதிரி பட்டை உருண்டு வளர்ந்து மூடியிருக்கும். வேம்புக்குப் பட்டைக்கு அடியில் புதுத் திசுவை உண்டாக்கும் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. தென்னைக்கு அது கிடையாது. அதன் உடம்பில் பட்ட வெட்டு, மரம் இருக்கும் வரைக்கும் வெட்டுதான்.

பயிரில் நோய் என்றதும் கடைக்குப் போய் "என்ன மருந்து?" என்று கேட்பது நமக்குப் பழகிப்போயிற்று. செடி தன் பங்குக்கு என்ன செய்கிறது, அதில் நாம் எங்கே குறுக்கே விழுகிறோம் என்பது அதற்கு முன்னால் வரவேண்டிய கேள்வி. நம் ரத்தத்தில் இருப்பதுபோல ஓடித்திரிந்து கிருமியைப் பிடிக்கும் அணுக்கள் செடிக்கு இல்லை. ஒவ்வொரு செல்லும் நின்ற இடத்தில் நின்றே காவல் காக்க வேண்டும். அதனால் தோல், கதவு, சுவர் இந்த மூன்றையும் வைத்துத்தான் செடி பிழைக்கிறது. இதில் ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. முழுத் தோலைத் துளைத்துக்கொண்டு போகிற பலம் பூஞ்சைகள் பலவற்றுக்கு உண்டு. பாக்டீரியாவுக்கு அது கிடையாது. அதற்குத் திறந்த துளையோ காயமோ வேண்டும். பெரும்பாலான வைரஸுக்கு அதுவும் போதாது. வெள்ளை ஈ, அசுவினி மாதிரி யாராவது தூக்கிக்கொண்டு போய் உள்ளே விடவேண்டும்.

முதல் தடை மெழுகு. இலைக்கு மேல் கியூட்டின் என்ற பொருளால் ஆன ஒரு படலம், அதற்கும் மேலே மெழுகு. மெழுகின் வேலை கிருமியைக் கொல்வது இல்லை, தண்ணீரை நிற்கவிடாமல் செய்வது. பெரும்பாலான பூஞ்சை வித்துகள் முளைப்பதற்கு இலைமேல் நீர்ப்படலம் பல மணி நேரம் அறுபடாமல் இருக்கவேண்டும். தாமரை இலைத் தண்ணீர் என்று ஒட்டாத உறவுக்குச் சொல்கிறோமே, அந்த ஒட்டாமை தாமரைக்கு நோய்த் தடுப்பு. துளி உருளும்போது தூசியையும் வித்தையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போய்விடும். சேம்பிலையிலும் இதே ஏற்பாடுதான். சாம்பல் நோய் மட்டும் இதற்கு விலக்கு. அதன் வித்துக்கு நீர்ப்படலம் தேவையில்லை, காற்றின் ஈரமே போதும். பந்தல் பாகலிலும் புடலையிலும் மழையே இல்லாத நாளில் வெள்ளை பூத்துவிடுவது அதனால்தான்.

சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு இந்த மெழுகு தினசரிச் சங்கடம். தாள் உருண்டை, நேராக நிற்கிறது, மேலே மெழுகு. தெளித்த மருந்து முத்து முத்தாக உருண்டு மண்ணுக்குப் போய்விடும். ஆகவே ஒட்டும் திரவம் சேர்த்தே ஆகவேண்டும். லிட்டருக்கு அரை மில்லியிலிருந்து 1 மில்லி வரை போதும். தாராளமாக ஊற்றினால் இன்னும் நன்றாக ஒட்டும் என்று கணக்குப் போடுவதும், அது இல்லாவிட்டால் துணி சோப்புத்தூளைக் கரைப்பதும் தவறு. அளவு மீறிய சோப்பு மெழுகையே குலைத்துவிடும். அடுத்த மழையில் அந்தத் தாள் முன்னைவிட அதிகமாக நனையும், அதிக நேரம் ஈரமாக இருக்கும். ஊதாக் கொப்புள நோய்க்கு மருந்து அடித்த காட்டிலேயே அந்த நோய்க்கு இடம் செய்து கொடுத்த மாதிரி ஆகும். இலைப்பேன் சுரண்டிய தாளிலும் இதே கதைதான். வெள்ளித் தழும்பு விழுந்த இடமெல்லாம் ஊதாக் கொப்புளத்துக்கு வாசல். பேனைக் கவனிக்காமல் பூஞ்சைக்கு மட்டும் மருந்து அடிப்பது பாதி வேலை.

மெழுகைத் தாண்டினால் சுவர். இதை உடைக்க நெல்லின் குலைநோய்ப் பூஞ்சை செய்கிற வேலை பிரமிக்க வைக்கும். வித்து இலையில் ஒட்டி முளைத்ததும் நுனியில் ஒரு குமிழ் கட்டும். குமிழின் சுவருக்குள் மெலனின் என்ற கறுப்புப் பூச்சு. அந்தப் பூச்சு உள்ளே கரைந்த பொருளை வெளியே விடாது; தண்ணீர் மட்டும் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். அழுத்தம் 80 வளிமண்டல அளவுக்குப் போகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல 35 மடங்கு. அந்த அழுத்தத்தை ஒரு சின்ன முளையின் முனையில் குவித்து இலைச்சுவரைக் குத்துகிறது. ட்ரைசைக்ளசோல் மருந்து தடுப்பது இந்த மெலனினைத்தான். பூச்சு இல்லாவிட்டால் அழுத்தம் ஏறாது, முளை குத்தாது. பூஞ்சையை நேரடியாகக் கொல்கிற மருந்து அல்ல அது. இலையில் கண் வடிவப் புள்ளி நிறைந்த பிறகு அடித்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை. உள்ளே போய்விட்டவனுக்குக் கதவைப் பூட்டி என்ன பயன்? புதிதாக வரும் இலைக்கு மட்டும்தான் அது காப்பு.

நெல்லின் பதில் மணல். மணலின் மூலப்பொருளான சிலிக்கா மண்ணில் கரைந்திருப்பதை உறிஞ்சி, இலையின் மெழுகுப் படலத்துக்கு அடியில் ஒரு படிவமாக வைக்கிறது. மெழுகுப் படலம் 0.1 மைக்ரான் தடிமன்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதன் கீழே சிலிக்காப் படிவம் 2.5 மைக்ரான். நெல் தோகை கையை அறுப்பதும், வைக்கோல் எரித்த இடத்தில் அவ்வளவு சாம்பல் மிஞ்சுவதும் இதனால்தான். யூரியாவை ஒரே தடவையில் கொட்டினால் இலை மளமளவென்று நீளும், சுவர் மெலியும், அதே சிலிக்கா அதிகப் பரப்பில் பரவி நீர்த்துப்போகும். கோபி, காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் பொன்னி, பிபிடி நெல் ரகங்களைக் கரும்பச்சையாக வளர்த்து அழகு பார்த்துவிட்டு, மார்கழிப் பனியில் குலைநோய்க்குக் கொடுப்பது இப்படித்தான். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள் என்பது செலவுக்காக மட்டும் சொல்வதில்லை.

காங்கேயம் அரிசி ஆலைகளில் உமிச் சாம்பல் மலையாகக் கிடக்கும். அதில் பெரும்பகுதி சிலிக்காதான். ஆனால் எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. மிதமான சூட்டில் எரிந்த கருஞ்சாம்பலில் இருக்கும் சிலிக்கா மெல்லக் கரைந்து செடிக்குக் கிடைக்கும். அதிகச் சூட்டில் வெளுத்துப்போனது படிகமாக இறுகிவிடும், கரையவே கரையாது. நாற்றங்காலுக்கு என்றால் சதுர மீட்டருக்கு அரை கிலோவிலிருந்து 1 கிலோ வரை கருஞ்சாம்பலை மண்ணோடு கலந்துவிடலாம். பார்க்க வெள்ளையாக இருக்கிறதே என்று வெண்சாம்பலைத் தேடி வாங்க வேண்டாம்.

குத்து விழும் இடத்திலேயே செடி உடனுக்குடன் ஒரு காரியமும் செய்கிறது. தாக்கப்பட்ட செல்லுக்குள் இருக்கிற எல்லாம் அந்த இடத்துக்கு ஓடிவருகின்றன. சுவரின் உட்பக்கம் காலோஸ் என்ற பொருளைப் பூசி ஒரு திட்டு எழுப்புகிறது. தண்ணீர்த் தொட்டியில் கசிவு கண்ட இடத்தில் உள்ளிருந்து சிமென்ட் வைத்து அடைக்கிற மாதிரி. சில மணி நேரத்துப் பந்தயம் இது. திட்டு முந்தினால் முளை அதிலேயே சிக்கிக்கொள்ளும், முளை முந்தினால் நோய். ஐரோப்பாவில் 1979 முதல் பயிரிடப்படும் ஒருவகைப் பார்லிகள் இந்தத் திட்டை வேகமாக எழுப்பும் திறனை வைத்தே சாம்பல் நோயை இன்றுவரை தடுத்துவருகின்றன. மருந்துக்குப் பழகிவிடுகிற பூஞ்சைகள் இப்படிப்பட்ட சுவருக்கு அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை.

இனி கதவுகள். இலைத்துளை இல்லாமல் செடி மூச்சுவிட முடியாது, அது திறந்திருந்தால் எவனும் வரலாம். அவரைத் துரு நோய்ப் பூஞ்சை இலைத்துளையைத் தடவியே கண்டுபிடிக்கிறது. துளையின் உதடு இலைப்பரப்பைவிட அரை மைக்ரான் உயர்ந்திருக்கும். முளை அந்த மேட்டை உணர்ந்ததும் நின்று குமிழ் கட்டும். பிளாஸ்டிக்கில் அதே உயரத்துக்கு வரம்பு எழுப்பி வைத்தாலும் ஏமாந்து அங்கேயே குமிழ் கட்டுவதை 1987இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். செடியும் சும்மா இருப்பதில்லை. பாக்டீரியா வந்ததை உணர்ந்த ஒரு மணி நேரத்தில் இலைத்துளை மூடிக்கொள்வது 2006இல் தெரியவந்தது. சில பாக்டீரியாக்கள் அதற்கும் சாவி வைத்திருக்கின்றன. ஒரு நச்சைச் சுரந்து மூன்று மணி நேரத்துக்குள் திரும்பத் திறக்க வைத்துவிடுகின்றன.

நெல்லுக்கு இன்னொரு கதவு இலை நுனியிலும் ஓரத்திலும் இருக்கிறது. விடியக்காலையில் நாற்று நுனியில் நிற்கும் முத்து பனி அல்ல, வேர் உறிஞ்சியதில் மிச்சமாகி அந்த நீர்த்துளைகள் வழியே வெளியே வந்தது. வெயில் ஏறும்போது கொஞ்சம் திரும்ப உள்ளே இழுக்கப்படும். பாக்டீரியா இலைக்கருகல் அதில் நீந்தித்தான் உள்ளே போகிறது. நாற்று நெட்டையாகிவிட்டது என்று நாற்றுமுடியைக் கட்டாகப் பிடித்து நுனியைக் கிள்ளி நடும் வழக்கம் இன்னும் பல ஊரில் உண்டு. ஒரு கை, ஒரு கருக்கருவாள், ஆயிரம் நாற்றுக்கு ஒரே வெட்டு. நோய் உள்ள ஒரு நாற்று அந்த முடியில் இருந்தால் போதும், மீதி அத்தனைக்கும் தடவியாயிற்று. இலைக்கருகல் வந்த ஊரில் நுனி கிள்ளாதீர்கள். நாற்று முற்றாமல் பறிக்கத் திட்டமிடுவதுதான் வழி.

காயத்துக்கு வருவோம். கிழங்குப் பயிரில் இதுதான் பாதிப் பண்ணையம்.

மஞ்சள் வெட்டும்போது மம்மட்டி படாமல் ஒரு பாத்திகூட முடியாது. விரலியைத் தாய்க்கிழங்கிலிருந்து உடைத்தாலும் காயம்தான். தென்னையைப்போல மஞ்சளும் ஒருவித்திலைதான், ஆனால் கிழங்குக்கு ஆற்றிக்கொள்ளும் திறன் இருக்கிறது. வெட்டுப்பட்ட பரப்புக்குக் கீழே உயிரோடு இருக்கிற செல்கள் முதலில் தங்கள் சுவரில் சூபரின் என்ற தக்கைப் பொருளைப் பூசிக்கொள்ளும். பிறகு அதற்கு அடியில் தக்கை அடுக்குகளைப் புதிதாக எழுப்பும். சூபரினை உடைத்துக்கொண்டு உள்ளே போகிற கிருமிகள் குறைவு, தண்ணீரும் வெளியேறாது. உருளைக்கிழங்கில் இதை நிறைய அளந்திருக்கிறார்கள். முதல் பூச்சு ஓரிரு நாளில் தொடங்கும். முழுத் தக்கைத் தோல் வர வாரக்கணக்கு ஆகும். சர்க்கரைவள்ளியில் 30 டிகிரி வெப்பமும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதமும் இருந்தால் 4 முதல் 7 நாளில் புண் மூடும்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிற இடம். புண் பட்ட விதைக் கிழங்கை "நல்லா காயட்டும்" என்று வெயிலில் போடுகிறார்கள். காய்வது வேறு, ஆறுவது வேறு. சூபரினைப் பூசுவது உயிருள்ள செல். வெயிலில் மேல் செல்கள் செத்துச் சுருங்கினால் பூசுவதற்கு ஆள் இல்லை. செத்த திசு கிருமிக்குத் தீனி. பார்வைக்கு வெட்டுவாய் காய்ந்து கெட்டியாகத்தான் தெரியும், நட்டு முதல் தண்ணீர் பாய்ந்ததும் ஊறிக்கொள்ளும். ஆறுவதற்குக் காற்று வேண்டும், நிழல் வேண்டும், காற்றில் ஈரப்பதம் வேண்டும். கிழங்கின் மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. மரத்தடியில் குவித்து மஞ்சள் தோகையால் மூடி வைக்கும் பழைய முறையில் இந்த நான்கும் தானாக அமைந்துவிடுகிறது. அதையே தார்ப்பாயால் இறுக்கி மூடினால் காற்று போய், கிழங்கு வேர்த்து, குவியல் நடுவில் அழுகல் பிடிக்கும். நடுவதற்கு முந்தின நாள் விதையை உடைத்து மறுநாள் நடுவதும் சரியில்லை. உடைக்க வேண்டுமென்றால் சில நாள் முன்கூட்டியே உடைத்து ஆறவிட வேண்டும். மருந்துக் கரைசலில் 30 நிமிடம் நனைத்தாலும் நிழலில் உலர்த்தித்தான் நடவேண்டும்.

வெங்காயத்துக்கு இந்த விதி தலைகீழ். வெங்காயத்துக்குத் தக்கை கட்டத் தெரியாது. அது நம்பியிருப்பது காய்ந்த சருகுத் தோலையும் சுருங்கி மூடிய கழுத்தையும்தான். சிவப்பு வெங்காயத்தின் மேல் சருகில் இருக்கும் கேட்டகால் போன்ற பொருள்கள் கறைப்பூஞ்சையின் வித்துகளை முளைக்கவிடாது என்று 1920களிலேயே அமெரிக்காவில் கண்டார்கள். ஆனால் அந்தக் காவல் சருகில் மட்டும். உள்ளே சதையில் அது இல்லை. கழுத்து திறந்திருந்தால் கிருமி சருகைத் தொடாமலே நேராக இறங்கும். ஆகவே பிடுங்குவதற்கு முன்பே தண்ணீரை நிறுத்தி, பிடுங்கியதை ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி படுக்கப்போட்டு மூன்று நான்கு நாள் உலர்த்த வேண்டும். தாள் அறுக்கும்போது கழுத்தில் 2 சென்டிமீட்டராவது விடவேண்டும். ஒட்ட அறுத்தால் பார்க்க அழகாக இருக்கும், வெங்காயம் சேமிக்கும் பட்டறையில் கரும்பூஞ்சை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கடைசி மாதத்தில் யூரியா போட்ட காட்டில் கழுத்து தடித்துப்போகும்; எத்தனை நாள் காய்ந்தாலும் மூடாது. அதைப் பொறுக்கி உடனே விற்றுவிட வேண்டும். அந்தக் காய் பட்டறைக்கு ஆகாது. பட்டறையைத் தரையில் படாமல் உயர்த்தி நாலா பக்கமும் காற்றுப் போக வைப்பதும் இந்தக் கழுத்து காய்ந்தபடியே இருக்கத்தான்.

நிலக்கடலையைப் பற்றி ஒன்றிரண்டு மட்டும். ஓட்டின் உறுதி கால்சியத்தைப் பொறுத்தது. செல்லையும் செல்லையும் ஒட்டவைக்கும் பெக்டினை இறுக்குவது கால்சியம். அழுகல் கிருமிகள் உடைப்பது அந்தப் பெக்டினைத்தான். காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை வேர் மூலம் வாங்காமல் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. அதனால்தான் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40, 45ஆம் நாளில் செடியடியில் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். விதைப் பருப்பை மூடியிருக்கும் சிவப்புத் தோல் இன்னொரு காவல். இயந்திரத்தில் உடையாமல் இருக்கட்டும் என்று காய்க்குத் தண்ணீர் தெளித்து உடைக்கும் பழக்கம் மிக மோசமானது. தோலும் நனைந்து, கீறலும் விழுந்து, மூட்டையில் கட்டினால் பச்சைப் பூஞ்சைக்கு விருந்து. அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு அதன் பரிசு. விதைக்கு என்றால் கையால் உரித்து, விதைப்புக்கு ஒரு வாரத்துக்கு முன் மட்டும் உரித்து, தோல் கிழிந்ததைக் கழித்துவிடுங்கள்.

தோலும் கதவும் சுவரும் தோற்று, கிருமி நீர்க்குழாய்க்குள்ளேயே போய்விட்டால்? வாழையின் பனாமா வாடலில் நடப்பது அதுதான். மண்ணில் இருக்கும் பியூசேரியம் பூஞ்சை வேர் வழியாக நுழைந்து குழாயில் வித்துகளை விடும். நீரோட்டம் அவற்றை மேலே தூக்கிப்போகும். வாழை இங்கே தன் வாய்க்காலைத் தானே அடைக்கிறது. ஓரிரு நாளில் குழாய்க்குள் கோந்து கட்டும், பிறகு பக்கத்துச் செல்கள் குழாய்க்குள் பலூன் மாதிரி புடைத்து டைலோஸ் என்ற அடைப்பை உண்டாக்கும். தாங்கும் ரகங்களில் இந்த அடைப்பு வித்துகளுக்கு முன்னே நிற்கும். ரஸ்தாளியில் அடைப்பு தாமதமாகும். வித்து அதற்குள் கிழங்கைத் தாண்டிப் போய்விடும். பிறகு மேலும் மேலும் அடைத்து, இலைக்கே தண்ணீர் இல்லாமல் போகும். நாம் பார்க்கிற வாட்டத்தில் ஒரு பங்கு வாழையின் சொந்தக் காவலால் வந்தது. இதற்கு மருந்து இல்லை. வாழைக்கடியில் ஆழமாகக் கொத்தி வேரை அறுக்காமல் இருப்பது, நூற்புழுவைக் கட்டுப்படுத்துவது, நோய் கண்ட தோட்டத்தில் கன்று எடுக்காமல் இருப்பது, அந்த வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாமல் இருப்பது, இவ்வளவுதான் கையில் இருக்கிறது. ரஸ்தாளிக்கு வாய் கேட்டால் நோயில்லாத புதுநிலம் வேண்டும்.

மரங்களின் கணக்கு வேறு. அலெக்ஸ் ஷிகோ என்ற அமெரிக்க வன ஆய்வாளர் 1970களில் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துச் சொன்னது, மரம் புண்ணை ஆற்றுவதில்லை, அறை கட்டிப் பூட்டுகிறது என்பது. கெட்ட பாகம் உள்ளேயே கிடக்கும். அதைச் சுற்றி மேலும் கீழும், உள்ளும், பக்கவாட்டிலும் தடுப்பு எழும்பும். காயத்துக்குப் பிறகு வளரும் புதுமரத்துக்கும் பழையதுக்கும் நடுவே எழும் நான்காவது சுவர்தான் இருப்பதிலேயே பலமானது. கிளை அறுக்கும்போது அடியில் இருக்கும் புடைப்பை ஒட்ட அறுத்துவிட்டால் அந்தச் சுவரின் அடித்தளத்தையே எடுத்துவிட்டோம். புடைப்பை விட்டு, கட்டையும் நீட்டாமல் அறுக்கவேண்டும். முருங்கையும் வேலமரமும் பிசின் விட்டு வெட்டுவாயை அடைக்கும். கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலியில் நிற்கிற கிளுவையும் அப்படித்தான். பிசின் ஒருமுறை வடிந்து இறுகினால் நல்லது. மாதக்கணக்கில் வடிந்துகொண்டே இருந்தால் உள்ளே துளைப்பானோ அழுகலோ இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பிசின் வியாபாரிக்கு வருமானம் என்று விட்டுவிடக் கூடாது.

தென்னைக்கு இந்தச் சுவர் எதுவும் முழுதாக இல்லை. காயத்தைச் சுற்றியிருக்கும் திசு கொஞ்சம் இறுகும், அதோடு சரி. கடும் கோடையில் காய்ந்து கிடந்த மரத்துக்குத் திடீரென்று தண்ணீர் கட்டினால் அடிமரத்தில் வெடிப்பு விழும். அதில் பூஞ்சை இறங்கினால் செம்பழுப்புச் சாறு வடிந்து கறுத்துக் காயும். சாறு வடிதல் நோய் இதுதான். கறுத்த பாகத்தை உளியால் நல்ல திசு தெரியும் வரைக்கும் செதுக்கி எடுத்து, செதுக்கிய சில்லுகளைத் தோப்பில் போடாமல் எரித்துவிட்டு, போர்டோ பசை பூசவேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் தாளித்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளி. இரும்பும் தகரமும் ஆகாது. பளபளப்பான கத்தியை முக்கி எடுத்தால் செம்புக்கறை படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றே பூசித் தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வைத்தால் வீரியம் இருக்காது.

பசை காய்ந்து இரண்டு நாள் கழித்துத் தார் பூசலாம். ஈரம் இருக்கும்போதே தாரைப் பூசினால் அழுகலை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. வேம்புக்கும் புளிக்கும் இப்படித் தார் பூசுவது வீண் வேலை, மரம் தானே மூடிக்கொள்ளும். தென்னைக்கு மூடி வராது என்பதால்தான் நாம் ஒரு மூடி போடுகிறோம். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது நாலடி விட்டு வெட்டவேண்டும். ஒட்ட வெட்டிய வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும், மட்டை காய்ந்து சுருங்கும் வரைக்கும் தூரம் இருந்தால் வண்டு வைத்த புழு தண்டை எட்டாது. ஏறுவதற்குப் படி வெட்டாமல் ஏறும் கருவியோ தளையோ போதும். வேலிக் கம்பியை மரத்தில் ஆணி அடித்துக் கட்டுவதும் படி வெட்டுவதும் ஒன்றுதான். கல்கால் நட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்.